இல்லத்தில் இன்சொல் விதைத்த புனித மோனிக்கம்மாள்

யூபிலி ஆண்டிலே ஆலயத்திற்கு வெள்ளையடிக்கிறோம், பீடத்தைப் புதுப்பிக்கிறோம், கோபுரத்திற்கு விளக்கு அலங்காரம் செய்கிறோம். இவையெல்லாம் நன்றே. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்தவ இல்லமும் ஒரு சிற்றாலயம் என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. அந்தச் சிற்றாலயத்தைக் கட்டுவதும் இடிப்பதும் பெரும்பாலும் நம் நாவுதான். கெட்ட வார்த்தை எதுவும் நம் வாயிலிருந்து புறப்படலாகாது, கேட்பவருக்கு நன்மை தரும் சொல்லே வரவேண்டும் என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தில் போதிக்கிறார். நாவு மிகச் சிறிய உறுப்பாயினும் பெரிய காட்டையே எரித்துவிடும் நெருப்புக்கு ஒப்பானது என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

இந்தப் போதனைகளை ஆலயத்தில் கேட்பது எளிது. அடுப்படியிலும், சாப்பாட்டு வேளையிலும், கணவன் கோபத்தோடு வீடு திரும்பும் மாலையிலும், மகன் வழி தவறிப் போகும் நாளிலும் இவற்றைக் கடைப்பிடிப்பது எப்படி? இதற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் புனித மோனிக்கம்மாள். அவரை நாம் கண்ணீரின் தாய் என்று அறிவோம். அவர் நாவைக் காத்த தாய் என்பதையும் அறிந்துகொண்டால் நம் குடும்பங்களுக்குப் பெரும் பயன் உண்டு.

சிறு வயதுப் பாடம்

மோனிக்கம்மாள் கி.பி. 331-ஆம் ஆண்டளவில் வட ஆப்பிரிக்காவிலே தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்று வழங்கும் ஊர் அதுவே. அந்நாளில் அப்பகுதி உரோமைப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய பெற்றோர் கிறிஸ்தவர்கள். ஆயினும் பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவள் அவ்வீட்டின் முதிய ஊழியப் பெண் ஒருத்தி. மோனிக்கம்மாளின் தந்தை குழந்தையாயிருந்தபோது அவரையே முதுகில் சுமந்து வளர்த்தவள் அவள். ஆகையால் வீட்டில் அவளுக்கு மிகுந்த மரியாதை இருந்தது.

அந்த மூதாட்டி ஒரு கண்டிப்பான கட்டளை வைத்திருந்தாள். உணவு வேளை தவிர மற்ற நேரத்தில், எவ்வளவு தாகம் எடுத்தாலும், பெண்பிள்ளைகள் தண்ணீரைக்கூடக் குடிக்கக் கூடாது. கட்டளையோடு அதற்கான காரணத்தையும் அவள் எடுத்துச் சொல்வாள். இன்று அவர்கள் கையில் திராட்சை இரசம் இல்லாததால் தண்ணீர் குடிக்கிறார்கள். நாளை திருமணமாகிச் சரக்கறைச் சாவி கைக்கு வந்தால், தண்ணீரை விட்டுவிடுவார்கள், ஆனால் குடிக்கும் பழக்கம் அவர்களை விடாது என்பாள். அந்தக் கட்டளை நமக்கு மிகக் கடுமையாகத் தோன்றலாம். ஆனாலும் அதட்டி அடக்குவதோடு நில்லாமல், பிள்ளைக்கு விளங்கும்படி காரணமும் சொல்லித் திருத்திய முறை நாம் கவனிக்க வேண்டியது.

இவ்வளவு கண்டிப்பு இருந்தும் ஒரு கெட்ட பழக்கம் மோனிக்கம்மாளிடம் மெல்ல நுழைந்தது. பீப்பாயிலிருந்து திராட்சை இரசம் எடுத்துவரப் பெற்றோர் அவரை அனுப்புவது வழக்கம். சாடியில் ஊற்றுவதற்கு முன் சிறுமி விளையாட்டாக உதட்டு நுனியால் சிறிது சுவைத்துப் பார்த்தாள். குடிக்கும் ஆசையால் அல்ல. சிறு வயதின் குறும்பினால்தான். ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடிக் கூடி, பிறகு சிறு கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

அவரோடு வழக்கமாய்ச் சரக்கறைக்குச் செல்லும் அடிமைப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் இருவரும் தனித்திருந்தபோது சச்சரவு மூண்டது. கோபத்தில் அவள் சின்ன எசமானியைப் பார்த்து, குடிகாரி என்று பொருள்படும் சுடுசொல் ஒன்றை வீசினாள். அச்சொல் முள்ளாய்த் தைத்தது. மோனிக்கம்மாள் தம் குற்றத்தின் அசிங்கத்தை அந்தக் கணமே கண்டார். அன்றோடு அப்பழக்கத்தை அறவே விட்டொழித்தார்.

இந்நிகழ்ச்சியைத் தாயின் வாயிலிருந்தே கேட்டறிந்த மகன் புனித அகுஸ்தீனார், தம் அறிக்கைகள் என்னும் நூலில் இதைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கிறார். புகழ்ந்து பேசும் நண்பர்கள் நம்மைக் கெடுப்பதும் உண்டு, சண்டையிடும் பகைவர் நம்மைத் திருத்துவதும் உண்டு என்கிறார். ஆனால் அந்த அடிமைப் பெண்ணை அவர் மெச்சவில்லை. அவள் எசமானியைப் புண்படுத்தவே விரும்பினாள், திருத்த விரும்பவில்லை. அவளுடைய கோபத்தைக் கொண்டு இன்னொருத்தியைக் குணப்படுத்தியவர் கடவுள். ஆகவே, கடிந்துகொண்டதால்தானே பிள்ளை திருந்தினான் என்று நம் சுடுசொற்களுக்கு நாம் நியாயம் தேடிக்கொள்ளலாகாது. நன்மை விளைந்தால் அது கடவுளின் செயல். எந்த நோக்கத்தோடு பேசினோம் என்பதற்கு நாமே கணக்குக் கொடுக்கவேண்டும்.

கோபக்காரக் கணவர்

வயது வந்ததும் மோனிக்கம்மாளைப் பத்ரீசியுஸ் என்பவருக்கு மணமுடித்துக் கொடுத்தனர். அவர் தகாஸ்தே நகரசபை உறுப்பினர். பெரும் செல்வர் அல்லர். அப்போது கிறிஸ்தவரும் அல்லர். இயல்பாக நல்ல மனம் படைத்தவர். அதே சமயம் மூக்கின் நுனியில் கோபம் கொண்டவர். மனைவிக்குப் பிரமாணிக்கமாகவும் இருக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சிலுவை என்ன வேண்டும்?

மோனிக்கம்மாள் தமக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். கணவர் கொதித்து நிற்கும்போது செயலாலோ சொல்லாலோ அவரை எதிர்ப்பதில்லை. எரியும் நெருப்பிலே எண்ணெய் ஊற்றுவதில்லை. ஆனால் அவர் தணிந்து அமைதியான பிறகு, ஏற்ற வேளை பார்த்து, தாம் செய்ததற்குக் காரணம் இன்னதென்று எடுத்துச் சொல்வார். அவர் யோசியாமல் கோபப்பட்டிருந்தால் அதையும் விளக்குவார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோனிக்கம்மாள் வாய் மூடிக் கிடந்தவர் அல்லர். சொல்லவேண்டியதைச் சொன்னார், சொல்லும் நேரத்தைத் தேர்ந்துகொண்டார். சாந்தமான மறுமொழி சினத்தை ஆற்றும் என்னும் பழமொழி ஆகமத்தின் 15-ஆம் அதிகாரப் போதனை அவர் வீட்டில் அன்றாட வழக்கமாயிற்று.

அக்கம்பக்கத்துப் பெண்கள் பலர் முகத்தில் அடிபட்ட தழும்போடு வந்து தங்கள் கணவர்மாரைக் குறைகூறுவார்கள். அவர்களுடைய கணவர்மார் பத்ரீசியுசைவிடச் சாதுவானவர்கள். பத்ரீசியுஸ் மனைவியை அடித்ததாகவோ, அவர்கள் ஒருநாளாவது சண்டையிட்டதாகவோ ஊரில் எவரும் கேள்விப்படவில்லை. இது எப்படி என்று வியந்து அப்பெண்கள் கேட்டபோது அவர் தம் வழக்கத்தை விளக்கினார். அவர்கள் நாவையே குறை கூறினார். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலேயே மனைவியர் கணவருக்கு ஊழியராகிவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்று விளையாட்டுப்போலச் சொன்னார். அவர் வழியைப் பின்பற்றிப் பார்த்தவர்கள் நன்றி கூறினார்கள் என்று அகுஸ்தீனார் எழுதுகிறார்.

இந்த இடத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. மனைவியை ஊழியக்காரியாக எண்ணியது அக்காலத்து உரோமைச் சமுதாயத்தின் வழக்கம். அது சுவிசேஷத்தின் சட்டம் அல்ல. கணவர்களே, உங்கள் மனைவியரை நேசியுங்கள், அவர்கள்மேல் கசப்புக் காட்டாதீர்கள் என்ற பொருளில் புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதியது ஆண்களுக்குத்தான். மனைவியின் வாய்ச்சொல் எதுவாயிருப்பினும் கை ஓங்குவது பாவமே. மோனிக்கம்மாளின் பொறுமையைக் காட்டி, அடிபடும் பெண்ணை அடங்கிப் போகச் சொல்வது அப்புனிதைக்கே அநீதி செய்வதாகும். அப்படித் துன்புறும் சகோதரிக்குப் பாதுகாப்புத் தேடிக் கொடுப்பது குடும்பத்தாரின் கடமை, பங்கின் கடமை. அப்புனிதையிடம் நாம் கற்கவேண்டியது கோபத்தோடு கோபத்தை மோதவிடாத ஞானம். அது மனைவிக்கு எவ்வளவு தேவையோ, கணவனுக்கும் அவ்வளவு தேவை.

மாமியாரும் மருமகளும்

திருமணமான புதிதில் இன்னொரு சோதனையும் வந்தது. வீட்டு ஊழியப் பெண்கள் சிலர் மாமியாரின் காதில் மருமகளைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் ஓதினார்கள். மாமியார் அவற்றை நம்பி வெறுப்புக் கொண்டார். மோனிக்கம்மாள் எதிர்க்கோள் சொல்லவில்லை. கணவரிடம் போய் மாமியாரைப் பற்றி முறையிடவும் இல்லை. மரியாதை குறையாமல், விடாத பொறுமையோடும் சாந்தத்தோடும் பணிவிடை செய்துவந்தார்.

நாளடைவில் மாமியாரே உண்மையைக் கண்டுகொண்டார். வீட்டின் சமாதானத்தைக் கெடுத்த நாவுகள் எவை என்று தம் மகனிடம் அவரே சொல்லி, தண்டிக்கும்படி கேட்டார். பத்ரீசியுஸ் அக்கால வழக்கப்படி அவர்களைக் கசையால் அடித்துத் தண்டித்தார். இனி எவளாவது தம்மைப் பிரியப்படுத்துவதாக எண்ணி மருமகளைப் பற்றிக் குறை சொன்னால் இதே வெகுமதிதான் கிடைக்கும் என்று மாமியார் அறிவித்துவிட்டார். கசையடியை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் கோள் கேட்கும் காது மூடப்பட்ட அன்றே அவ்வீட்டில் கோள் சொல்லும் வாயும் மூடிற்று என்பதை மறவாதிருப்போம். அதன்பின் மாமியாரும் மருமகளும் மிகுந்த அன்போடு வாழ்ந்தார்கள்.

சமாதானத் தூது

மோனிக்கம்மாளிடம் இருந்த ஒரு வரத்தை அகுஸ்தீனார் சிறப்பாகக் குறிப்பிடுகிறார். இருவர் பகைத்துக்கொண்டால், இரு தரப்பாரும் அவரிடம் வந்து மனத்திலுள்ள கசப்பையெல்லாம் கொட்டுவார்கள். அவர் இரண்டையும் கேட்பார். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லும்போது, அவர்களை ஒப்புரவாக்க உதவும் சொற்களை மட்டுமே எடுத்துச் செல்வார். மற்றவை அவரோடு நின்றுவிடும்.

இதை ஒரு சிறிய நன்மை என்றே தாம் எண்ணியிருக்கக்கூடும் என்கிறார் அகுஸ்தீனார். ஆனால் கோபத்தில் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு, அவர் சொல்லாததையும் கூட்டிச் சொல்லும் மனிதர் எத்தனையோ பேரை அவர் வாழ்க்கையில் கண்டு வருந்தியிருந்தார். பகையை மூட்டாதிருப்பது மட்டும் போதாது, நல்ல சொல்லால் அதை அணைக்கவும் முயலவேண்டும் என்று அவர் முடிக்கிறார். கடவுளே உள்ளத்தின் பள்ளியில் ஆசிரியராயிருந்து தம் தாய்க்கு இதைக் கற்பித்தார் என்பது அவருடைய துணிபு.

இந்தப் பொறுமை வீண்போகவில்லை. பத்ரீசியுஸ் தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் கிறிஸ்துவை ஏற்று, ஞானஸ்நானம் பெற்று, 371-ஆம் ஆண்டளவில் மரணமடைந்தார். அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வந்ததில் மனைவியின் பேச்சைவிட அவருடைய நடத்தையே அதிகமாகப் பேசிற்று என்று மகன் சாட்சி கூறுகிறார்.

வழி தவறிய மகன்

மோனிக்கம்மாளின் மக்களில் மூவரை அறிவோம்: அகுஸ்தீன், நவீஜியுஸ் என்ற மற்றொரு மகன், ஒரு மகள். அகுஸ்தீன் 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் பிறந்தவர். கூர்மையான அறிவாளி. பதினாறு வயதில் அவர் கெட்ட வழியில் கால் வைத்தபோது, தாய் அவரைத் தனியே அழைத்து, கற்புக்கு விரோதமான பாவத்தை விலக்கும்படியும், பிறர் மனைவியை ஒருபோதும் தொடாதிருக்கும்படியும் மிகுந்த கவலையோடு எச்சரித்தார். ஊரறியத் தூற்றவில்லை. மகனோ அதைப் பெண்பிள்ளையின் புத்திமதி என்று அலட்சியம் செய்தார். பின்பு, அந்த வாய் வழியாகக் கடவுளே தம்மோடு பேசினார் என்று உணர்ந்து வருந்தினார்.

கார்த்தேஜ் நகரில் படிக்கச் சென்ற அகுஸ்தீன், திருமணமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து அதேயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றார். மானிக்கேய பதிதத்திலும் சேர்ந்தார். அவர் ஊர் திரும்பித் திருச்சபைக்கு விரோதமாகப் பேசியபோது, மோனிக்கம்மாள் தம் வீட்டில் தங்கவும் தம்மோடு உணவருந்தவும் அவரை அனுமதிக்கவில்லை. சாந்த குணம் என்றால் எதற்கும் தலையசைப்பது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும். சத்தியத்தைக் காக்கவேண்டிய இடத்தில் அவர் உறுதியாக நின்றார்.

பிறகு அவர் ஒரு கனவு கண்டார். ஒரு மரச் சட்டத்தின்மேல் தாம் துக்கத்தோடு நிற்பதாகவும், ஒளி பொருந்திய இளைஞன் ஒருவன் வந்து தேற்றுவதாகவும், திரும்பிப் பார்க்கையில் அதே சட்டத்தில் தம் மகனும் நிற்பதாகவும் கண்டார். மகனை மீண்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். தாயும் ஒருநாள் தம் மதத்திற்கு வருவார் என்பதே அக்கனவின் பொருள் என்று அகுஸ்தீன் தந்திரமாகத் திருப்பிப் பார்த்தார். தாய் சற்றும் தயங்காமல், தாம் இருக்கும் இடத்திற்கு அவர் வருவார் என்றுதான் தமக்குச் சொல்லப்பட்டதேயன்றி, அவர் இருக்கும் இடத்திற்குத் தாம் போவதாகச் சொல்லப்படவில்லை என்று பதிலளித்தார். கோபமற்ற அந்த உடனடி மறுமொழி கனவைவிட அதிகமாகத் தம்மை அசைத்தது என்று பேரறிஞரான அந்த மகனே எழுதியிருக்கிறார்.

அக்காலத்தில் மோனிக்கம்மாள் ஆயர் ஒருவரை அணுகி, மகனோடு பேசி அவனைத் திருத்தும்படி மன்றாடினார். அந்த ஆயர் சிறு வயதில் மானிக்கேயரிடையே வளர்ந்து, அப்பதிதத்தை விட்டு வந்தவர். மகன் இன்னும் கேட்கும் நிலையில் இல்லை, வாதம் செய்து பயனில்லை, அவனுக்காகச் செபித்தால் போதும் என்று ஆயர் கூறினார். தாய் விடாது அழுது கேட்கவே, இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போவது ஆகாத காரியம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். மோனிக்கம்மாள் அதை வானத்திலிருந்து வந்த வாக்காகவே ஏற்றுக்கொண்டார். அதன்பின் மகனைப் பற்றிக் கடவுளிடம் இரவும் பகலும் பேசினார்.

383-ஆம் ஆண்டு அகுஸ்தீன் உரோமைக்குப் புறப்பட்டார். தாய் விடமாட்டார் என்று அறிந்து, நண்பர் ஒருவரை வழியனுப்பப் போவதாகப் பொய் சொன்னார். கார்த்தேஜ் துறைமுகத்தருகே புனித சிப்பிரியானின் நினைவிடத்தில் தாய் இரவெல்லாம் செபித்திருக்க, மகன் கப்பலேறிப் போய்விட்டார். விடிந்ததும் கரையில் நின்று அத்தாய் அழுத அழுகையை என்னென்று சொல்வது! அழுது ஓய்ந்தபின் மீண்டும் மகனுக்காகச் செபிக்கத் திரும்பினார்.

மிலான் நகரில்

385-ஆம் ஆண்டு மோனிக்கம்மாள் கடல் கடந்து மிலான் நகருக்கு வந்து மகனோடு சேர்ந்தார். வழியில் புயல் வீசியபோது, பயணிகளைத் தேற்றவேண்டிய மாலுமிகளுக்கே அவர் தைரியம் சொன்னார். மிலானில் ஆயராக விளங்கியவர் புனித அம்புரோசியார்.

ஆப்பிரிக்க வழக்கப்படி வேதசாட்சிகளின் நினைவிடங்களுக்கு உணவும் திராட்சை இரசமும் எடுத்துச் சென்றபோது, வாயிற்காவலன் தடுத்தான். ஆயர் அதைத் தடை செய்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் மோனிக்கம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வழக்கத்தை விட்டுவிட்டார். ஆயரைக் குறைகூறாமல் தம் வழக்கத்தையே குறைவாக எண்ணினார். பங்கில் ஒரு மாற்றம் வந்தால் வாரக்கணக்கில் வாசற்படியில் நின்று முணுமுணுக்கும் நமக்கு இது நல்ல பாடம். அம்புரோசியாரோ அகுஸ்தீனைக் காணும்போதெல்லாம் இப்படிப்பட்ட தாயைப் பெற்ற பாக்கியத்திற்காக அவரைப் பாராட்டுவார்.

386-ஆம் ஆண்டு, ஆரியப் பதிதத்தை ஆதரித்த பேரரசி யுஸ்தீனா ஆயரைத் துன்புறுத்தினாள். விசுவாசிகள் ஆயரோடு சாகவும் துணிந்து ஆலயத்திலே காவல் காத்தனர். மோனிக்கம்மாள் அவர்களில் முன்னணியில் நின்றார். மக்கள் சோர்ந்து போகாதபடி கீழைத் திருச்சபையின் வழக்கப்படி கீதங்களும் சங்கீதங்களும் பாடும் முறை அப்போதுதான் அங்கே தொடங்கிற்று.

அதே ஆண்டின் கோடைக்காலத்தில், வீட்டுத் தோட்டத்திலே உரோமையர் திருமுகத்தை வாசித்து அகுஸ்தீன் மனந்திரும்பினார். உடனே உள்ளே சென்று தாயிடம் தெரிவித்தார். தாயின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு காசிசியாக்கும் என்ற நாட்டுப்புற வீட்டில் தங்கி அகுஸ்தீன் ஞானக் காரியங்களைக் குறித்து உரையாடல்கள் நடத்தியபோது, கல்லூரி காணாத மோனிக்கம்மாளும் அவற்றில் பங்குகொண்டார். அவர் தந்த பதில்களின் ஆழத்தைக் கண்டு படித்தவர்கள் வியந்தார்கள். 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் அகுஸ்தீனும், அவர் மகன் அதேயோதாத்துசும், நண்பர் அலீப்பியுசும் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றனர்.

ஓஸ்தியாவில் விடைபெறுதல்

ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், உரோமையின் துறைமுகமான ஓஸ்தியாவில் கப்பலுக்காகக் காத்திருந்தனர். ஒருநாள் தாயும் மகனும் தனியே தோட்டத்தை நோக்கிய சன்னலருகே நின்று, புனிதர்களின் நித்திய வாழ்வு எப்படியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தனர். பேசப் பேச அவர்களுடைய உள்ளம் படைப்புகளையெல்லாம் கடந்து கடவுளை நோக்கி எழும்பிற்று. கண்ணீரில் பல ஆண்டுகள் கழித்த ஒரு தாய்க்கும் மகனுக்கும் கடவுள் அளித்த பரிசு அந்த உரையாடல்.

சில நாட்களில் மோனிக்கம்மாள் காய்ச்சலில் விழுந்தார். அந்நிலையில் அகுஸ்தீன் செய்த பணிவிடைகளைக் கண்டு, தம்மை நோக்கி ஒரு கடுஞ்சொல்லோ அவமதிப்பான வார்த்தையோ அவர் வாயிலிருந்து என்றுமே கேட்டதில்லை என்று அன்போடு நினைவுகூர்ந்தார். அன்பர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தாயை ஏமாற்றிக் கப்பலேறிய மகன். பல ஆண்டுகள் அவரை அழவைத்த மகன். அவனும் தாயை நோக்கி ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஏன்? அந்த வீட்டில் சுடுசொல் சொல்லி அவனுக்கு யாரும் வழிகாட்டவில்லை என்பதே காரணமாயிருக்க வேண்டும். தகப்பன் கோபக்காரர்தான், ஆனால் தாய் அந்தக் கோபத்திற்குக் கொடுத்த மறுமொழியைப் பிள்ளை பார்த்து வளர்ந்தான்.

தம் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் சரி, பீடத்தருகே தம்மை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கடைசி விருப்பம். நோயுற்ற ஒன்பதாம் நாள், ஐம்பத்தாறாம் வயதில், 387-ஆம் ஆண்டில் ஆண்டவரிடம் சென்றார். ஓஸ்தியாவில் அடக்கம் செய்யப்பட்டார். 1430-ஆம் ஆண்டு அவருடைய திருப்பண்டங்கள் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அங்கே புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் உள்ளன. 1945-ஆம் ஆண்டு அவருடைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு பகுதி ஓஸ்தியாவில் கண்டெடுக்கப்பட்டது. ஆகஸ்டு 27-ஆம் நாள் தாயின் திருநாளையும், அடுத்த நாள் மகனின் திருநாளையும் திருச்சபை கொண்டாடுகிறது.

மகனின் உணவு மேசை

தாய் விதைத்த விதை எப்படிப் பலன் தந்தது என்பதைப் பின்னாளில் காணலாம். அகுஸ்தீனார் ஹிப்போ நகர ஆயரானார். அவரோடு நாற்பது ஆண்டுகள் நெருங்கிப் பழகிய ஆயர் பொஸ்ஸீதியுஸ் அவருடைய வரலாற்றை எழுதியிருக்கிறார். அகுஸ்தீனாரின் மேசையில் கரண்டி மட்டுமே வெள்ளி. மற்ற பாத்திரங்கள் மண்ணாலும் மரத்தாலும் பளிங்காலும் ஆனவை. அந்த மேசையிலே அவர் ஒரு செய்யுளை எழுதிவைத்திருந்தார். அங்கே இல்லாதவரின் பெயரைக் கடித்துக் குதறுபவருக்கு அந்த மேசையில் இடமில்லை என்பது அதன் கருத்து.

ஒருமுறை அவருக்கு மிக நெருங்கிய சக ஆயர்களே அதை மறந்து புறணி பேசத் தொடங்கினார்கள். அகுஸ்தீனார் பொறுக்கவில்லை. ஒன்று அந்தச் செய்யுளை அழித்துவிட வேண்டும், இல்லையேல் தாம் பாதி உணவில் எழுந்து அறைக்குப் போய்விடுவதாகச் சொல்லிக் கண்டித்தார். அந்தப் பந்தியில் பொஸ்ஸீதியுசும் இருந்தார். அதேபோல் அவருடைய வீட்டில் யாரேனும் வீணாக ஆணையிட்டால், அவருக்குரிய பானத்தின் அளவில் ஒரு கிண்ணம் குறைக்கப்படும்.

நம் இல்லங்களில்

இத்தகைய தாயைப் பற்றியும் அகுஸ்தீனார் ஓர் உண்மையை மறைக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற நாள்முதல் கடவுளின் கட்டளைக்கு விரோதமான ஒரு சொல்லும் தம் தாயின் வாயிலிருந்து புறப்படவில்லை என்று சொல்லத் தமக்குத் துணிவில்லை என்கிறார்; ஆகையால் தாய்க்காக மன்றாடுமாறு தம் நூலை வாசிக்கும் அனைவரையும் கேட்கிறார். மோனிக்கம்மாளுக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்!

ஆகவே இந்த யூபிலி ஆண்டிலே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கோபம் கொதிக்கும்போது பேசவேண்டியதை அது தணிந்தபின் பேசுவோம். ஆனால் பேசாமல் மனத்தில் புதைத்து வைக்காதிருப்போம். பிள்ளைகளைத் தனியே அழைத்து, காரணம் சொல்லித் திருத்துவோம். மாமியாரிடம் மருமகளையும், மருமகளிடம் மாமியாரையும் காட்டிக்கொடுக்கும் கோளை வாசலிலேயே நிறுத்துவோம். இன்று கோள் கைப்பேசி வழியாகவும் வருகிறது. நம்மிடம் வந்ததை அடுத்தவருக்கு அனுப்பாவிட்டால் அது நம்மோடு முடிந்துவிடும். உணவு வேளையில் அங்கில்லாதவரின் குறையைப் பேசுவதில்லை என்று குடும்பமாகத் தீர்மானிப்போம். இரவுச் செபமாலை முடிந்ததும் அன்று நாவால் செய்த குற்றங்களை எண்ணிப் பார்த்து, ஒருவரிடமொருவர் மன்னிப்புக் கேட்டுப் படுக்கச் செல்வோம். பாவசங்கீர்த்தனத்திற்குச் செல்லும்போது நாவின் குற்றங்களைச் சிறியவை என்று ஒதுக்காதிருப்போம்.

பிள்ளைக்காக அழும் தாய்மாரே, கணவருக்காகப் பொறுத்திருக்கும் மனைவியரே, கோபத்தோடு போராடும் தந்தையரே, மனம் தளராதீர்கள். பத்ரீசியுசின் வீட்டிலும் ஒரே நாளில் சமாதானம் வந்துவிடவில்லை. புனித மோனிக்கம்மாள் நம் இல்லங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆலயத்தில் ஆண்டவரைப் புகழும் நம் நாவு, வீட்டிலும் அவரையே புகழ்வதாக.